ஃபகீஹின் குதிகால்

இப்பு நகரத்துக்கு மேலே, மலை உச்சியில் இருக்கிற பைத் நுஜைமில் குளிர் இறங்கினால் முதலில் வெடிப்பது உதடு, அப்புறம் விரல், கடைசியாகக் குதிகால். உதடு வெடித்தால் பேச்சைக் குறைத்துக்கொள்ளலாம். விரல் வெடித்தால் வேலையைக் குறைத்துக்கொள்ளலாம், அதற்கு ஆண்களில் பலர் குளிர்காலம் வரைக்கும்கூடக் காத்திருப்பதில்லை. ஆனால் ஐந்து வேளையும் ஐஸ் தண்ணீரில் கால் கழுவிவிட்டு வெறுங்காலோடு தொழ நிற்கிறவனுக்குக் குதிகாலில் பித்தவெடிப்பு வந்தால் தப்பிக்க வழியே கிடையாது. அந்த வருஷம் ஊரிலேயே பெரிய வெடிப்பு பள்ளிவாசல் இமாம் முக்பிலுக்குத்தான் வந்தது.

முக்பிலை ஊரில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. மார்க்கச் சட்டத்தைக் கரைத்துக் குடித்தவர் என்பதால் ஃபகீஹ் என்பார்கள். சட்டத்தில் மற்ற பாகங்களையும் அவர் குடித்திருந்தார் என்றாலும், நாக்கில் ருசி தங்கியது ஒளுவில்தான். தொழுகைக்கு முன் கைகால் முகம் கழுவுகிற அந்தக் காரியத்தில் ஒரு மயிரிழை இடம் நனையாமல் போனாலும் அவர் கண்ணுக்குத் தெரிந்துவிடும். ரொட்டி சுடுகிற பெண்களுக்கு நகத்தடியில் மாவு ஒட்டியிருக்கும் என்று அவர்கள் புருஷன்மாரிடம் சொல்லி அனுப்புவார். "தோலுக்கும் தண்ணிக்கும் நடுவுல ஒண்ணும் இருக்கக் கூடாது" என்பது அவர் வாயில் நாளைக்கு நாலு தடவையாவது வரும்.

இந்த வாக்கியத்தால் அதிகமாக அடிபட்டவன் தப்வான். ஃபகீஹின் மனைவி தவ்லாவுக்குக் கூடப்பிறந்த தம்பி, வீடுகளுக்கு வெள்ளைச் சாந்து பூசுகிற கொத்தனார். ஊரில் எந்த ஜன்னலைப் பார்த்தாலும் இது நான் பூசியது என்று நின்று காட்டிவிட்டுத்தான் நகர்வான். முந்தின வருஷம் ஒரு நாள், ஒளு செய்கிற தண்ணீர்த் தொட்டியான ஹவுளின் கரையில், பத்துப் பேர் பார்க்க அவன் கையைப் பிடித்துத் தூக்கிய ஃபகீஹ், விரல் முட்டியில் காய்ந்து கிடந்த சாந்தை எல்லோருக்கும் காட்டினார். எப்போதிலிருந்து இது இருக்கிறது என்று கேட்டார். வேலை ஆரம்பித்த நாளிலிருந்து இருக்கும் என்று வெகுளியாகச் சொல்லிவிட்டான். அப்படியானால் வேலை ஆரம்பித்த நாளிலிருந்து உன் தொழுகை எதுவும் சேராது, எல்லாவற்றையும் களாவாகத் திருப்பித் தொழு என்று ஃபகீஹ் தீர்ப்புச் சொன்னார். எள்ளளவுதானே மச்சான் என்று தப்வான் கெஞ்சியபோது, "எள்ளளவுன்னாலும் அது சுவருதான்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

தப்வான் திருப்பித் தொழுதான். பள்ளிவாசலில் நின்றால் சிரிக்கிறார்கள் என்று வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு மாதக்கணக்கில் தொழுதான். தொழுது முடித்தும் அவனுக்கு ஆறவில்லை. மச்சான் என்ற உறவு மட்டும் குறுக்கே இல்லாமல் இருந்தால் அவன் வேறு பாஷை பேசியிருப்பான்.

இப்போது குதிகாலுக்கு வருவோம். ஃபகீஹுக்கு ஒவ்வொரு முறை நெற்றியைத் தரையில் வைக்கிற ஸஜ்தாவிலிருந்து எழும்போதும் கண்ணில் நீர் வந்தது. பின்னால் நிற்பவர்கள் அதை இறையச்சம் என்று எடுத்துக்கொண்டார்கள். அவரும் மறுக்கவில்லை. வீட்டில் தவ்லா தனக்குத் தெரிந்த வைத்தியத்தையெல்லாம் இறக்கிப் பார்த்தாள். நெய் தடவினாள், படுத்ததும் பூனை வந்து நக்கியது. தேன் தடவினாள், காலையில் கம்பளி காலோடு சேர்ந்து எழுந்து வந்தது. கற்றாழைச் சோற்றை வைத்தபோது எரிச்சல் தாங்காமல் அவர் முற்றத்தைச் சுற்றி வந்தார். வெந்தயத்தை அரைத்துக்கொண்டு வந்தபோது, அதைக் குழம்பில் போடு என்று சொல்லிவிட்டார். நல்லெண்ணெயில் கொஞ்சம் சுகம் இருந்தது. தினமும் தேய்க்க வேண்டும், பத்து நாள் பொறுக்க வேண்டும் என்றாள் தவ்லா. ஊருக்கெல்லாம் பொறுமையைப் போதிக்கிறவருக்குச் சொந்தக் குதிகால் விஷயத்தில் அது கைவசம் இல்லை.

கடைசியில் அவள் நல்லெண்ணெயைச் சுட வைத்து அதில் ஒரு உருண்டை தேன்மெழுகைப் போட்டு உருக்கினாள். இளஞ்சூடாக இருக்கும்போதே வெடிப்புக்குள் சொட்டுச் சொட்டாக விட்டு, கட்டை விரலால் அழுத்தி மட்டம் பண்ணினாள். தப்வான் சுவர் விரிசலை அடைக்கிற மாதிரியே இருக்கிறது என்று அவளே சொல்லிச் சிரித்தாள். ஃபகீஹும் சிரித்தார். மெழுகு இறுகியதும் எழுந்து நடந்து பார்த்தார். வலி போன இடம் தெரியவில்லை.

மறுநாள் ஹவுளில் காலை நீட்டித் தண்ணீர் ஊற்றினார். பளபளவென்று இருந்த குதிகாலில் தண்ணீர் விழுந்து, முத்து முத்தாகத் திரண்டு, ஒட்டாமல் உருண்டு ஓடியது. அவர் அதை ரசித்துப் பார்த்தார். எப்படிப்பட்ட மருந்து, தண்ணீரைக் கிட்டவே சேர்க்கவில்லையே என்று பக்கத்தில் இருந்தவரிடம் காட்டிப் பெருமைப்பட்டார். இன்னொருவன் விரலில் கடுகளவு மாவைக் கண்டுபிடிக்கிற கண் அது. சொந்தக் குதிகாலில் அத்தனை பெரிய உண்மை தினமும் ஐந்து வேளை உருண்டு ஓடியதை அது பார்த்து ரசித்தது, அவ்வளவுதான்.

அதைவிடப் பெரிய கூத்து ஒரு நாள் காலையில் நடந்தது. பள்ளிவாசல் மூலையில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும்போது, ஒளுவின் பாடத்தில் வழக்கமான வரி வந்தது: காலில் உள்ள வெடிப்பை மெழுகாலோ கொழுப்பாலோ அடைத்திருந்தால் அதை நீக்கிவிட்டுக் கழுவ வேண்டும், வெறும் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் குற்றமில்லை. பிள்ளைகள் ராகம் போட்டு ஒப்பித்தார்கள். அவரும் மெழுகுக் குதிகாலின் மேல் உட்கார்ந்துகொண்டு தலையாட்டித் தாளம் போட்டார்.

மருந்தின் புகழ் பரவியது. மாலையில் காத் இலையை மென்றபடி ஆண்கள் உட்கார்ந்து பேசுகிற இடத்தில் ஃபகீஹ் தாமாகவே அதைப் பற்றிப் பேசினார். தவ்லா பானையில் காய்ச்ச ஆரம்பித்தாள். கைமருந்துக்குக் காசு வாங்குகிற பழக்கம் அவளுக்கு இல்லை. பெண்கள் கூடுகிற இடத்தில் தன் பேர் அடிபடுகிறது என்பதே அவளுக்குப் போதும். குளிர் பாதி போவதற்குள் ஊரில் ஒரு குதிகால் பாக்கியில்லாமல் பூசப்பட்டுவிட்டது.

பாக்கி இருந்தது தப்வான் மட்டும்தான். சாந்து வேலையில் அவன் விரல்கள் ரத்தம் கசியும் அளவுக்கு வெடித்திருந்தன. அக்கா ஒரு கிண்ணம் மருந்து கொடுத்து அனுப்பினாள். அவன் அதைத் திறந்து முகர்ந்து பார்த்தான், நகத்தால் சுரண்டிப் பார்த்தான். பிறகு கிண்ணத்தைக் கையில் எடுத்துக்கொண்டு நேராக ஹவுளுக்கு வந்தான். ஃபகீஹ் பிற்பகல் தொழுகையான அஸருக்கு ஒளு செய்துகொண்டிருந்தார். வேறு யாரும் இல்லை.

"மச்சான், இதைப் போடறதுக்கு முன்னாடி உங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்னு வந்தேன். போன வருஷம் பட்ட பாடு போதும் பாருங்க."

"என்ன கேக்கணும்? நல்ல மருந்து. உங்க அக்கா கை பட்டது."

"மருந்து நல்ல மருந்துதான். இதுக்குள்ள தண்ணி போகுமா?"

அவன் குரலில் வஞ்சகம் இருந்ததா, நிஜமாகவே சந்தேகம்தானா என்று ஃபகீஹுக்குப் பிடிபடவில்லை. அவர் தம் குதிகாலைப் பார்த்தார். ஊற்றிய தண்ணீர் முத்து முத்தாக உருண்டுகொண்டிருந்தது. பாடத்தில் பிள்ளைகள் ஒப்பித்த வரி, ராகத்தோடு அப்படியே காதில் விழுந்தது.

"யோசிச்சுச் சொல்றேன்" என்றார்.

"யோசிக்கவா?" என்றான் தப்வான். "என் விஷயத்துல பட்டுனு சொன்னீங்களே."

யோசிப்பதற்கு என்ன இருக்கிறது? பதில் அவருக்கு மனப்பாடம். ஆனாலும் அன்று மாலை முழுவதும் அவர் தமக்காக ஒரு சந்து தேடினார். மெழுகை ஒரு கட்டு என்று வைத்துக்கொண்டால்? காயக் கட்டுக்குச் சலுகை உண்டே. கட்டை அவிழ்த்தால் ஆபத்து இருக்க வேண்டும், மெழுகை எடுத்தால் வலிதான் இருக்கும், ஆபத்து இல்லை. சரி, அறியாமல் செய்தது என்றால்? பாடம் நடத்துகிறவன் அறியாமை என்று சொன்னால் கழுதைகூடச் சிரிக்கும். தப்வானுக்கு இதில் கால்வாசி சந்தாவது தேடினோமா என்ற எண்ணம் வந்தபோது, அதை மட்டும் அவசரமாகத் தள்ளிவிட்டார்.

ஆக, குளிர்காலத் தொழுகை முழுதும் போயிற்று. அவருடையது மட்டுமா? அவர் பேச்சைக் கேட்டுப் பூசிக்கொண்ட ஒவ்வொருவருடையதும் போயிற்று. சொன்னால் ஊரே திருப்பித் தொழ வேண்டும். ஊரே திருப்பித் தொழுதால் ஃபகீஹ் என்ற பேர் அன்றோடு சரி. அந்தப் பேர் இல்லாமல் பைத் நுஜைமின் சந்துகளில் நடப்பதை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அவர் பயந்தார். பயத்துக்கு விவேகம் என்று பேர் வைத்து, முதலில் தம் கணக்கைத் தீர்ப்போம், மற்றதைப் பிறகு பார்ப்போம் என்று முடிவு செய்தார். மெழுகை முள்ளால் தோண்டி எடுத்தார். தவ்லா கேட்டதற்கு, கொஞ்சம் காற்றாடட்டும் என்று சொன்னார். ஒவ்வொரு வேளைத் தொழுகை முடிந்ததும், ஜனங்கள் கலைந்த பிறகு பள்ளிவாசலிலேயே நின்று களா தொழ ஆரம்பித்தார்.

இங்கேதான் விஷயம் கைமீறியது. வீட்டில் தொழுதால் தவ்லா கேள்வி கேட்பாள் என்று அவர் பள்ளிவாசலைத் தேர்ந்தெடுத்தார். செருப்பை மறந்துவிட்டுத் திரும்பி வந்த ஹாஜி முஸ்இத், இமாம் தன்னந்தனியாக நின்று தொழுவதைக் கண்டார். மறுநாளும் கண்டார். குதிகால் வலியில் அவர் கண்ணில் நீர் வழிவதையும் கண்டார். கடமைக்கு மேல் இத்தனை தொழுகிற மனிதரை என் ஆயுசில் பார்த்ததில்லை என்று ஹாஜி முஸ்இத் போய்ச் சொன்னதும் ஊர் நெகிழ்ந்து போயிற்று. வழியில் பார்த்தவர்கள் அவர் தலையில் முத்தமிட ஆரம்பித்தார்கள். உடம்பு சரியில்லாத பிள்ளைகளை ஓதிப் பார்க்கக் கொண்டு வந்தார்கள். இத்தனை நேரம் எப்படி நிற்க முடிகிறது என்று யாரோ கேட்க, எல்லாம் அந்த மருந்துதான் என்று இன்னொருவர் பதில் சொல்ல, பக்கத்து ஊர்க்காரர்களும் கிண்ணத்தோடு வந்து தவ்லா வாசலில் நின்றார்கள். நன்றிக்காக ஆளுக்கொரு கட்டி தேன்மெழுகு கொண்டு வந்தார்கள். அவர் ஒளிந்து தொழத் தொழ, மெழுகு ஏறிக்கொண்டே போனது.

ஒவ்வொரு முத்தமும் அவருக்குச் சுட்டது. ஆனால் தலையை ஒரு தடவைகூட நகர்த்திக்கொள்ளவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

தப்வான் மறுபடியும் வந்தான். விரல்களைத் துணியால் சுற்றியிருந்தான். ஊரில் வெடித்த கையோடு திரிகிறவன் அவன் ஒருவன்தான், அக்கா கொடுத்த மருந்தைக்கூடப் போடாத முரடன் என்று எல்லோரும் ஏசிக்கொண்டிருந்தார்கள். ஃபகீஹ் தொழுது முடித்துத் திரும்பும்வரை தூணில் சாய்ந்து காத்திருந்தான்.

"நீங்க என்ன தொழுவுறீங்கன்னு ஊருக்குத் தெரியாது மச்சான். எனக்குத் தெரியும். நானும் தொழுதவன்தானே."

ஃபகீஹ் வாசல் பக்கம் பார்த்தார்.

"நான் கதவைச் சாத்திக்கிட்டு தொழுதேன். என்னைப் பாத்துச் சிரிச்சாங்க. நீங்க அதையேதான் தொழுவுறீங்க. உங்களைப் பாத்து அழுவுறாங்க."

"சொல்லிருவேன் தப்வான். சமயம் பாத்துச் சொல்லிருவேன்."

"பாருங்க, பாருங்க. வெள்ளிக்கிழமை பக்கத்து ஊர்லேர்ந்து ஆள் வராங்களாம், உங்க காலைப் பாக்க."

அன்றிரவு அவர் தவ்லாவிடம் விஷயத்தைச் சொன்னார். அவள் அடுப்பில் இருந்த பானையை இறக்கி வைத்தாள். அவளுக்கு அழுகை வந்தது, அது கோபத்தால் வந்த அழுகை.

"நான் படிக்காதவ. காலை நீட்டினீங்க, பூசினேன். தண்ணி உருண்டு ஓடுதுன்னு எல்லார்கிட்டயும் காட்டினது நீங்கதானே" என்றாள். நாளைக்கு என் பேரை இழுத்தால் உங்களுக்குச் சோறு கிடையாது என்றும் சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை வந்தது. ஹவுளைச் சுற்றி இடமில்லை. உள்ளூர்க்காரர்களும் பக்கத்து ஊர்க்காரர்களும் வரிசையாக உட்கார்ந்து கால் கழுவிக்கொண்டிருந்தார்கள். ஃபகீஹ் வாசலில் நின்று பார்த்தார். வரிசை முழுக்கக் குதிகால்கள் வெயிலில் மின்னின. ஒவ்வொன்றிலிருந்தும் தண்ணீர் முத்து முத்தாக உருண்டு விழுந்தது. பக்கத்து ஊர்ப் பெரியவர் ஒருவர் தம் மகனைக் கூப்பிட்டு, பார், தண்ணீரைக் கிட்டவே சேர்க்கவில்லை பார் என்று ஆச்சரியமாகக் காட்டிக்கொண்டிருந்தார். அவர் சொன்னது ஃபகீஹ் சொன்ன அதே வார்த்தை. அதற்குமேல் அவரால் தாங்க முடியவில்லை.

எல்லாரும் அப்படியே இருங்கள் என்று சொன்னார். சுற்றி வளைக்காமல் சொன்னார். மெழுகுக்குள் தண்ணீர் போகாது, தண்ணீர் போகாத ஒளு ஒளு ஆகாது, பூசிய நாளிலிருந்து தொழுதது எதுவும் சேராது. மருந்து காய்ச்சியவள் மேல் குற்றமில்லை, சட்டம் தெரிந்தும் பூசிக்கொண்டு உங்களையும் பூசச் சொன்னவன் நான்.

ஹாஜி முஸ்இத் ஒரு காலைத் தூக்கியபடியே கேட்டார்.

"அப்ப நீங்க தனியா நின்னு தொழுதீங்களே, அது?"

"களா."

"அழுதீங்களே?"

"குதிகால் வலி."

அவர் தலையில் முந்தின நாள் முத்தமிட்டிருந்த ஒருவர் புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டார். யாரோ ஒருவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டார். பிறகு ஒவ்வொருவராகக் குனிந்து மெழுகைத் தோண்ட ஆரம்பித்தார்கள். பல் துலக்குகிற மிஸ்வாக் குச்சியால் தோண்டினார்கள், நகத்தால் தோண்டினார்கள், வலியில் முனகினார்கள். திட்டவில்லை. அந்தப் பக்குவத்துக்கு ஃபகீஹ் மனசுக்குள் நன்றி சொன்னார். தம்முடைய கணக்காவது முக்கால்வாசி தீர்ந்துவிட்டது என்ற சின்ன ஆறுதலும் உள்ளே இருந்தது. ஊர் இனிமேல்தான் ஆரம்பிக்க வேண்டும், அவர் முடிக்கப் போகிறார்.

தப்வான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அவர் முன்னால் குந்தினான்.

"காலைக் காட்டுங்க மச்சான்."

"நான்தான் எப்பவோ எடுத்துட்டேனே."

"காட்டுங்க. விரிசல் பாக்கறது என் தொழில்."

மறுக்க முடியாமல் காலை நீட்டினார். தப்வான் குதிகாலை மடியில் வைத்து, வெளிச்சத்துக்குத் திருப்பி, விரலால் வெடிப்பை மெல்ல விரித்துப் பார்த்தான். சுற்றி இருந்தவர்கள் தோண்டுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். ஹவுளின் அதே கரைதான் அது. தப்வான் மிஸ்வாக் குச்சியின் நுனியை உள்ளே விட்டு, எதையோ நெம்பி எடுத்து, தன் உள்ளங்கையில் வைத்துக் காட்டினான். மஞ்சளாக, எள்ளளவு மெழுகு.

ஃபகீஹ் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். முள்ளால் தோண்டிய நாளிலிருந்து அது அங்கேயே இருந்திருக்கிறது. களா தொழுததெல்லாம் அதன் மேல் நின்று தொழுதது.

"எள்ளளவுதான்" என்றான் தப்வான். "நீங்கதான் ஃபகீஹ். என்ன செய்யலாம், நீங்களே சொல்லுங்க."

ஊர் முழுக்கக் காத்திருந்தது. அவன் வாயில் அந்தச் 'சுவர்' வரும் என்று அவர் எதிர்பார்த்தார். அவன் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கொஞ்சம் கோபமாவது பட்டிருக்கலாம்.

"ஆரம்பத்திலேர்ந்து" என்றார் ஃபகீஹ்.

தப்வான் தலையாட்டினான். இடுப்பிலிருந்து ஒரு சின்னப் புட்டியை எடுத்தான். வெறும் நல்லெண்ணெய். இத்தனை நாளாகத் தன் விரலுக்கு அதைத்தான் தேய்த்துக்கொண்டிருந்தான். துணியை அவிழ்த்தபோது விரல்கள் முக்கால்வாசி ஆறியிருந்தது தெரிந்தது. ஃபகீஹின் குதிகாலில் இரண்டு சொட்டு விட்டுத் தேய்த்தான், முரட்டுத்தனமாக அல்ல. ராத்திரியில் தேய்த்துக்கொண்டு படுங்கள், அக்காவிடம் சொல்கிறேன் என்றான். பிறகு அவர் எழுந்திருக்கக் கை கொடுத்தான்.

"மெதுவாவே தொழுங்க மச்சான். இந்தத் தடவை யாரும் தலையில முத்தம் குடுக்க மாட்டாங்க."

யாரும் கொடுக்கவில்லை. வேனில் வந்து குதிகால் ஆறி, தோல் பிள்ளைக் கால் மாதிரி மிருதுவான பிறகும் அவர் ஒரு மூலையில் நின்று தொழுதுகொண்டிருந்தார். பக்கத்தில் பாதி ஊர் நின்று அதையே தொழுதுகொண்டிருந்தது, அவ்வப்போது ஒரு கண்ணை அவர் குதிகால் மேல் வைத்தபடி.